தானாக நூல் வெட்டும் சிங்கர் மெஷின்: யார் வாங்கலாம், மிச்சமாகும் நொடி யாருக்கு?

தையல் முடிந்ததும் தட்டுக்கு அடியிலேயே மேல்நூலையும் பாபின் நூலையும் சேர்த்து வெட்டிவிடும் சிங்கர் மெஷினைத் திருப்பூரில் யூபிடி (அண்டர் பெட் டிரிம்மர்) என்பார்கள். சிங்கர் என்பது இங்கே கம்பெனிப் பெயர் அல்ல, ஒற்றை ஊசி லாக்ஸ்டிச் மெஷினுக்கு வழங்கும் பெயர். ஜப்பானின் ஜூகி, பிரதர், சீனாவின் ஜாக், தைவானின் சிருபா என்று எல்லாரிடமும் இந்த வகை உண்டு. பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பவர்டேபிள் யூனிட்டிலிருந்து நேரடி ஏற்றுமதிக் கம்பெனி வரை, பழைய கிளட்ச் மோட்டார் மெஷினைக் கழித்துவிட்டு இதை வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். விற்பவர் மூன்று லாபம் சொல்வார்: மின்சாரம், வேகம், ஆள் குறைப்பு. முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அப்படிக் குறைக்கப்படுகிறவர்கள் கம்பெனியிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களைக் குறைத்துவிட்டாலும் அந்த வேலை முழுதாக ஒழிவதில்லை.

முதலில் மெஷின். பழைய வகையில் மேஜைக்கு அடியில் அரைக் குதிரைத்திறன் கிளட்ச் மோட்டார் தொங்கும். சுவிட்ச் போட்டதிலிருந்து டீக்கு எழுந்து போகும் வரை, தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். யூபிடியில் சர்வோ மோட்டார் மெஷின் தலையோடு சேர்ந்திருக்கிறது; பெல்ட் கிடையாது. பெடலை மிதித்தால்தான் சுற்றும். ஒரு டெய்லரின் ஷிப்டில் ஊசி உண்மையில் ஓடும் நேரம் கால்வாசி அளவுதான். மற்ற நேரமெல்லாம் பீஸை எடுப்பது, ஓரம் சேர்ப்பது, திருப்புவது, அடுக்குவது. அதனால் மோட்டார் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெயில் காலத்தில் மோட்டார் சூடு முழங்காலில் அடிப்பது நிற்கும், மேஜை அதிர்வும் சத்தமும் குறையும். இந்தச் சுகம் டெய்லருக்கு நேராகப் போய்ச் சேரும் ஒன்று. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கக் கூடாது.

ஆனால் இந்தச் சுகத்துக்கு யூபிடியே வேண்டும் என்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினில் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மட்டும் மாட்டினாலே மின்சாரமும் சூடும் குறைந்துவிடும். புது மெஷின் விலையில் சின்னப் பங்கில் முடிகிற வேலை அது. யூபிடிக்குத் தனியாகக் கொடுக்கும் பணம் கத்திக்கும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தானாகத் தூக்கும் சோலனாய்டுக்கும் (மின்காந்தத்துக்கும்), தையல் பிரியாமல் இருக்க முனையில் முன்னும் பின்னும் போடும் பேக்டேக்கை எண்ணித் தைக்கும் கட்டுப்பாட்டுப் பேனலுக்கும்தான்.

வேகம் என்று விற்பவர் காட்டும் எண் நிமிடத்துக்கு 5000 தையல். பின்னலாடைத் துணியில் அந்த வேகம் உதவாது. 160, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் 3500 முதல் 4000-க்குள் பேனலில் வரம்பு வைத்துவிடுவது நல்லது. அதற்கு மேல் போனால் ஊசி சூடாகும், ஸ்பன் பாலியஸ்டர் நூல் உருகி அறும், ஊசி துணியின் கண்ணியை (பின்னல் வளையத்தை) அறுத்துவிடும். அறுந்த கண்ணி தைக்கும்போது தெரியாது. இழுத்துப் பார்க்கும்போதோ துவைத்த பிறகோ ஓட்டையாகத் தெரியும். ஊசி 9 அல்லது 11 நம்பர், உருண்டை முனை. முனை மழுங்கும்வரை காத்திருக்காமல் ஷிப்டுக்கு ஒன்று மாற்றுவதே கம்பெனிக்கு மலிவு. ஊசிக் காசை டெய்லர் கூலியில் பிடிக்கும் யூனிட்டில் ஊசி மாறாது, டேமேஜ் ஏறும்.

ஆக, இந்த மெஷினின் லாபம் வேகத்தில் இல்லை. ஒரு பீஸுக்கு எத்தனை முறை நூல் வெட்ட வேண்டியிருக்கிறது என்பதில் இருக்கிறது. போலோ டி-ஷர்ட்டின் பட்டன் பட்டி, காலர், பாக்கெட், லேபிள், சைடு ஸ்லிட் ஆகியவை துண்டு துண்டான தையல், வெட்டு அதிகம். அங்கே யூபிடி நன்றாக உழைக்கும். நீளத் தையல் ஒன்று போட்டு ஒரே வெட்டில் முடியும் வேலையில் கொடுத்த பணத்துக்கு மதிப்பு இல்லை. ஒரு லைன் முழுக்க யூபிடி போடுங்கள் என்று யார் சொன்னாலும், எந்த ஆபரேஷனில் எத்தனை வெட்டு என்று முதலில் எழுதிப் பாருங்கள். ஒரு பீஸுக்கு மூன்று வெட்டுக்குக் குறைந்தால் பழைய தலையும் சர்வோ மோட்டாருமே போதும்.

எங்கே தகராறு செய்யும்

மெக்கானிக்கைக் கேட்டால் அதிகமாக வரும் புகார் ஒன்றைத்தான் சொல்வார்: வெட்டிய பிறகு அடுத்த தையல் தொடங்கும்போது ஊசியிலிருந்து நூல் கழன்று வருவது. வெட்டியதும் ஊசிக் காதில் மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் நூலாவது மிஞ்ச வேண்டும். மெஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகு இரண்டு உண்டு, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. கத்தி வெட்டும் நொடியில் பெரிய டென்ஷன் திறந்துகொள்ளும். அப்போது நூலைப் பிடித்திருப்பது சின்னது மட்டும். அதை இறுக்கினால் மிச்ச நூல் குறையும், தளர்த்தினால் நீளும். இது தெரியாமல் பெரிய டென்ஷனைத் திருகுகிறவர்கள் அதிகம். அதனால் நூல் கழல்வது நிற்காது, தையல் மட்டும் கெடும். சின்ன டென்ஷனைத் தளர்த்தியும் சரியாகவில்லை என்றால் ஊசி நிற்கும் இடத்தைப் பாருங்கள். நூல் தூக்கும் கொக்கி உச்சிக்குப் போவதற்கு முன்பே மெஷின் நின்றால், அடுத்த தையலின் முதல் இழுப்பிலேயே நூல் உருவிக்கொள்ளும்.

அடுத்தது அடிப்பக்கத்தில் நூல் கூடு கட்டுவது. பாபின் கேஸுக்குள் சின்ன ஸ்பிரிங் தகடு ஒன்று இருக்கும். வெட்டும்போது பாபின் சும்மா சுழலாமல் தடுப்பது அதன் வேலை. சுத்தம் செய்யும்போது அது விழுந்துவிட்டாலோ, சாதா மெஷினின் பாபின் கேஸை எடுத்து இதில் போட்டாலோ பாபின் அதிகமாகச் சுழன்று நூலை உள்ளே தளர விட்டுவிடும். யூபிடிக்கு எடை குறைந்த அலுமினியப் பாபின் கொடுப்பதும் இதற்காகத்தான். பாபினை விளிம்பு வரை சுற்றாமல் எண்பது சதவீதத்தோடு நிறுத்துங்கள். இரண்டு வகை பாபின் கேஸையும் ஒரே டப்பாவில் கலந்து போடும் யூனிட்டில் இந்தத் தொல்லை தீராது.

கத்தி இரண்டு: அசைவது ஒன்று, அசையாதது ஒன்று. ஒரு நூலை வெட்டி இன்னொன்றை விட்டால் முனை மழுங்கியிருக்கும், அல்லது இரண்டு கத்தியும் உரசும் அழுத்தம் போதவில்லை. புது மெஷினில் இரண்டு மாதத்திலேயே இப்படி ஆனால் முதலில் பஞ்சைப் பாருங்கள். பனியன் துணியில் உதிரும் பஞ்சு எண்ணெயோடு சேர்ந்து கத்திக்கு இடையில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஷிப்டுக்கு இரண்டு முறை தட்டைத் திறந்து பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பீஸ் ரேட்டில் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) இருக்கும் டெய்லருக்கு அந்த ஐந்து நிமிடத்துக்குக் காசு இல்லை என்றால் அவர் ஏன் திறக்கப் போகிறார்? சுத்தம் செய்யும் நேரத்துக்கும் கூலி போட்டுக் கொடுக்கும் யூனிட்டில் கத்தி அதிக நாள் உழைக்கும்.

புதிதாக இதில் உட்காரும் டெய்லருக்குக் கால் பழக ஒரு வாரம் பிடிக்கும். பெடலைக் குதிகாலால் பாதி அழுத்தினால் ஃபுட் தூக்கும், முழுதாக அழுத்தினால் நூல் வெட்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் குறைவாக வைக்கப்பட்டிருந்தால், பட்டன் பட்டியின் மூலையில் ஃபுட்டைத் தூக்கப் போய் நடுத்தையலில் நூல் வெட்டுப்பட்டுவிடும். அந்தப் பீஸ் டேமேஜ். இதற்குப் பேனலில் அளவு மாற்ற இடம் உண்டு. பழகும் வாரம் மட்டும் வெட்டும் அழுத்தத்தைக் கடினமாக வைத்துவிட்டால் இந்தத் தவறு பெருமளவு குறையும். இப்படி வரும் டேமேஜுக்கு டெய்லரிடம் காசு பிடிப்பது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்த நட்டத்துக்கு மட்டுமே பிடிக்கலாம், அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் என்பது 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி.

பேனல்தான் பெரிய செலவு. பெல்ட் அறுந்தால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்டிய காலம் போய்விட்டது. எர்த் சரியில்லாத கட்டடம், மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது வரும் ஏற்ற இறக்கம், ஒரே லைனில் கோத்த இருபது மெஷின், இவையெல்லாம் போர்டை எரித்துவிடும். எரிந்தால் தையல் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் வர வேண்டும், அல்லது போர்டையே மாற்ற வேண்டும். அதுவரை மெஷின் நிற்கும். ஷிப்ட் சம்பளத்தில் இருப்பவருக்கு வேறு மெஷின் கொடுப்பார்கள். பீஸ் ரேட் டெய்லருக்கு அந்த நாள் கூலி இல்லை. வாங்கும் முன்பே எர்த்தைச் சோதித்து, பத்து மெஷினுக்கு ஒரு ஸ்டெபிலைசராவது போடுங்கள். எண்ணெய்த் தொட்டி இல்லாத, தலைப்பகுதி உலர்ந்த மாடல் கிடைத்தால் வெள்ளைத் துணி தைப்பவர்கள் அதையே எடுக்கலாம். ஊசிக் கம்பியிலிருந்து சொட்டும் எண்ணெய்க் கறையால் வரும் டேமேஜ் குறையும்.

பீஸ் ரேட்டில் இந்த மெஷின் செய்வது

இனி கூலி. கணக்கு புரிவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பட்டன் பட்டி வேலை ஒரு பீஸுக்கு 80 நொடி, அதில் நான்கு வெட்டு. டிரிம்மரை (சின்னக் கைக்கத்தரியை) எடுத்து நூலை வெட்டி வைக்கும் நேரத்தில் வெட்டுக்கு இரண்டு நொடி மிச்சமானால் பீஸ் 72 நொடியாகிறது. மணிக்கு 45 பீஸ் என்பது 50 ஆகும். எட்டு மணி நேர ஷிப்டில் 360 என்பது 400. ரேட் இரண்டு ரூபாய் என்றால் 720 ரூபாய் 800 ஆக வேண்டும்.

மெஷின் வந்த இரண்டாவது சனிக்கிழமையே கான்ட்ராக்ட்காரர் ரேட்டை 1.80-க்கு இறக்கிவிட்டால்? 400 பீஸ், அதே 720 ரூபாய். டெய்லர் நாற்பது பீஸ் கூடுதலாகத் தைத்து ஒரு ரூபாயும் கூடுதலாக வாங்கவில்லை. 1.70-க்கு இறக்கினால் 680; முன்பைவிடக் குறைவு. இப்படி இறக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "மெஷின்தானே வெட்டுது, உனக்கென்ன வேலை?"

வேலை குறையவில்லை என்பதை அதே கணக்கே காட்டும். பழைய மெஷினில் எட்டு நொடி வீதம் 360 பீஸுக்கு 2880 நொடி, அதாவது 48 நிமிடம். ஷிப்ட் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறியிருந்த அந்த 48 நிமிடத்தில் டெய்லரின் கண் ஊசி முனையை விட்டு விலகியது, தோள் இறங்கியது, கை வேறு அசைவுக்குப் போனது. புது மெஷினில் அந்த 48 நிமிடமும் குனிந்து தைக்கும் நேரமாகிவிடுகிறது. கழுத்தும் தோளும் அதைச் சுமக்கின்றன. பனிரெண்டு மணி நேரம் ஓடும் ஒன்றரை ஷிப்டில் இது இன்னும் மோசம். ஆகவே மிச்சமான நேரத்தில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் கூலியோடு ஓய்வு கொடுத்தாலும் கம்பெனிக்கு இருபத்தெட்டு நிமிடம் லாபம் நிற்கிறது. அதைக் கொடுக்க மறுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ரேட்டை இரண்டு ரூபாயிலேயே விட்டாலும் முதலாளிக்கு லாபம் உண்டு என்பதை யாரும் பேசுவதில்லை. வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், விளக்கு, கம்ப்ரசர் செலவெல்லாம் 360 பீஸின் மேல் விழுந்தது இப்போது 400 பீஸின் மேல் பிரிகிறது. மின்சாரம் குறைகிறது. பேக்டேக் ஒரே மாதிரி விழுவதால் மறுதையல் குறைகிறது. டெய்லரின் எட்டு நொடியையும் சேர்த்து எடுத்தால்தான் மெஷின் கட்டுப்படியாகும் என்றால், அந்த யூனிட் தப்பான ஆபரேஷனுக்கு மெஷின் வாங்கியிருக்கிறது.

நடைமுறைக்கு ஒத்து வரும் வழி ஒன்று உண்டு. மெஷின் வந்த முதல் இரண்டு வாரம் பீஸ் ரேட்டை நிறுத்திவிட்டு ஷிப்ட் சம்பளம் கொடுங்கள். பழகி முடித்ததும் ஒரே ஸ்டைலில், மூன்று வெவ்வேறு டெய்லர்களைக் கொண்டு நேரம் எடுங்கள். லைனில் வேகமான ஒருவரை மட்டும் வைத்து எடுத்த நேரம் செல்லாது. பாபின் மாற்றுவது, பஞ்சு எடுப்பது, பண்டில் கட்டுவது எல்லாம் அந்த நேரத்தில் சேர வேண்டும். அதன் பிறகும் ரேட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், மிச்சமானதில் பாதியாவது டெய்லருக்கு நிற்கட்டும்: மேலே சொன்ன கணக்கில் 1.90-க்குக் கீழே போகக் கூடாது. அப்போது 760 ரூபாய் வரும். பேசிய ரேட்டை ஸ்டைல் எண்ணோடு லைனில் ஒட்டிவிடுங்கள்.

பேனலில் பீஸ் எண்ணும் வசதி இருக்கிறது. எத்தனை முறை வெட்டியது என்பதை வைத்து எண்ணும். புது மாடல்களில் அந்த எண்ணிக்கை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே போகும். எந்த டெய்லர் எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்பதும் போகும். இந்த வசதி கண்காணிப்புக்கு மட்டும் பயன்பட்டால் அது டெய்லரின் கழுத்தில் கட்டிய கயிறு. அதே எண் டெய்லர் கண்ணுக்கும் தெரிந்தால் சனிக்கிழமை சம்பளத்தில் பண்டில் விட்டுப்போவது குறையும். எண்ணும் முறையை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: நான்கு வெட்டுக்கு ஒரு பீஸ் என்று பேனலில் வைத்திருந்தால், நூல் அறுந்து நடுவில் ஒருமுறை வெட்டியதும் கணக்கு நகர்ந்துவிடும். டெய்லர்கள் பழைய வழக்கப்படி நோட்டிலும் எழுதி வைப்பது நல்லது.

கைமடியும் பிசிர் வெட்டுகிறவர்களும்

யூபிடி சிங்கர் லைனுக்கு. அதன் கூடப்பிறந்தது, துணி ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் பொருத்தும் காற்றுக் கட்டர். ஓவர்லாக்கில் பீஸ்கள் நூல் சங்கிலியில் கோத்துக்கொண்டு வரும். டெய்லருக்குப் பக்கத்தில் இருந்து அவற்றைப் பிரித்து, மடித்து, அடுக்கித் தருகிறவர்தான் கைமடி. பெரும்பாலும் பெண்கள். காற்றுக் கட்டரில் சென்சார் துணியின் ஓரத்தைப் பார்த்ததும் சங்கிலியை உறிஞ்சி வெட்டிவிடும். அதற்குக் கம்ப்ரசரும் ஏறத்தாழ ஐந்து கிலோ காற்றழுத்தமும் வேண்டும். பஞ்சு மூடினால் சென்சார் குருடாகும், மெஷ் துணியில் ஓட்டையைப் பார்த்து ஏமாந்து வெட்டும்.

இரண்டு டெய்லருக்கு ஒரு கைமடி என்றிருந்த இடத்தில், கட்டர் வந்ததும் கைமடியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அதோடு செக்கிங் மேஜையில் நூல் பிசிர் வெட்டும் பெண்களையும் நிறுத்துகிறார்கள். இங்கேதான் விற்பவரின் மூன்றாவது லாபம் பொய்க்கிறது. சாதா யூபிடி வெட்டிய பிறகு துணியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நூல் நிற்கும். விலை கூடிய குறுநூல் மாடலில்தான் அது மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்கு இறங்கும். வெளிநாட்டு பையரின் ஆய்வில் நீண்ட நூல் ஒரு குறைதான்; குறைகள் அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டினால் லாட் முழுவதும் மறுபடி பிரிக்கப்படும். கத்தி மழுங்கிய வாரத்தில் நூல் இன்னும் நீளும். எனவே ஷிப்மென்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு பிசிர் வெட்ட ஆள் தேவைப்படுகிறது. நிறுத்திய அதே பெண்களைக் கான்ட்ராக்ட்காரர் மூலம் தினக்கூலிக்கு அழைக்கிறார்கள். ஈஎஸ்ஐ இல்லை, பிஎஃப் இல்லை, அடுத்த வாரம் வேலை உண்டா என்ற உறுதியும் இல்லை. மெஷின் அந்த வேலையை ஒழிக்கவில்லை. வாரம் முழுக்க இருந்த வேலையை ஷிப்மென்ட் நாளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வு, கம்போடியாவில் ஜவுளி, ஆடை, காலணித் தொழிலாளர்களில் 88 சதவீதம் பேரும் வியட்நாமில் 86 சதவீதம் பேரும் இயந்திரமயத்தால் வேலை இழக்கும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணைக் கேட்டு ரோபோ வந்து டெய்லர் நாற்காலியில் உட்காரும் என்று எண்ணத் தேவையில்லை. வெட்டிய சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருளும். அதை விரல் நுனியால் நீவி, இழுக்காமல், தளர விடாமல் ஊசிக்குக் கொடுப்பது இன்றைக்கும் மனிதக் கைக்குத்தான் எளிது. மாற்றம் சில்லறையாக வருகிறது. முதலில் கத்தி, பிறகு ஃபுட் தூக்கி, பிறகு சங்கிலிக் கட்டர், பிறகு தானாகத் துணி விரிக்கும் மெஷின். ஒவ்வொன்றும் ஒரு துண்டு வேலையைத்தான் எடுக்கிறது. அந்தத் துண்டு பெரும்பாலும் அடிமட்டக் கூலி வாங்குகிறவருடைய முழு வேலையாக இருக்கிறது.

கைமடியை அனுப்பாமல் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா? இருக்கிறது, அது யூனிட்டுக்கும் நல்லது. டெய்லர் தேவை என்று வருஷம் முழுக்க விளம்பரத் தட்டி வைத்திருக்கும் ஊரில், ஓவர்லாக் டெய்லர் பக்கத்திலேயே இருந்து தையலின் நெளிவு சுளிவைப் பார்த்துப் பழகியவர் கைமடிதான். யூபிடி புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு எளிய மெஷின்: பேக்டேக் தானாக விழும், ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், வேக வரம்பை 1500-ல் பூட்டிவிடலாம். லேபிள் வைக்கும் ஆபரேஷனிலிருந்து தொடங்கினால் சில வாரத்தில் லைனுக்கு ஏற்ற கை வந்துவிடும். பழகும் நாளில் கைமடிச் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்து, தேறியதும் டெய்லர் கிரேடுக்கு மாற்ற வேண்டும். தேறிய பிறகும் கைமடிச் சம்பளத்திலேயே தைக்க வைப்பது திருட்டு.

காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு

1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவதும், கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், கைமடி என்று பிரித்து ஷிப்ட் சம்பளம் பேசுவதும் இங்கே பழகிய வழக்கம். ஆனால் அந்த ஒப்பந்தம் ஷிப்ட் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. பீஸ் ரேட் ஒவ்வொரு ஆர்டருக்கும் கான்ட்ராக்ட்காரரிடம் பேசி முடிவாகிறது. புது மெஷின் தரும் லாபம் ஒளிந்துகொள்வது இந்த இடைவெளியில்தான். அடுத்த பேச்சுவார்த்தையில் மெஷின் மாறினால் ரேட்டை எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லிச் சங்கங்கள் கேட்க வேண்டும்.

பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும் ஒரு நாள் கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய இயந்திர மாற்றம் செய்வதற்கு முன் தொழிலாளிக்கு 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் 40-ஆம் பிரிவாக இது தொடர்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுக்க வேண்டும். புதிய தொகுப்பில், வேலை இழந்தவர் வேறு திறன் கற்பதற்கான மறுதிறன் நிதிக்காக இன்னும் 15 நாள் சம்பளத்தை முதலாளி கட்ட வேண்டும். ஓராண்டு என்றால் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை.

இதில் எதைக் கேட்கவும் அங்கே வேலை செய்ததற்கான சான்று வேண்டும். சம்பளக் கவர், ஈஎஸ்ஐ எண், வங்கியில் வந்த சம்பளம், கான்ட்ராக்ட்காரர் அனுப்பிய வாட்ஸப் செய்தி, வருகை அட்டையின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கைமடிகளில் நிறையப் பேருக்கு இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. மெஷின் வருகிறது என்று தெரிந்த அன்றே சேர்க்கத் தொடங்கினாலும் பயன் உண்டு.

வாங்குவதானால்

சின்ன யூனிட் என்றால் கடன் வாங்கி ஒரே நேரத்தில் லைன் முழுவதும் மாற்ற வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் நின்றன. மெஷினுக்கு வாங்கிய கடன் தவணை நிற்கவில்லை. தவணை கட்ட முடியாத யூனிட் முதலில் கை வைப்பது சனிக்கிழமைச் சம்பளத்தில். பழைய தலைகளுக்கு சர்வோ மோட்டார், பட்டன் பட்டிக்கும் காலருக்கும் இரண்டு மூன்று யூபிடி, அவ்வளவு போதும். காற்றுக் கட்டரை, நிரந்தர ஆர்டரும் சொந்தக் கம்ப்ரசரும் உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கடையில் காட்டும் துணியில் தைத்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் சிங்கிள் ஜெர்சி, ரிப், ஃபிளீஸ் மூன்றையும், நீங்கள் வழக்கமாகப் போடும் நூலையும் எடுத்துப் போங்கள். தொடர்ந்து இருபது முறை வெட்டி, இருபது முறையும் நூல் கழலாமல் தொடங்குகிறதா பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும், மேலும் கீழும் மிஞ்சும் நூலை ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். உங்கள் லைனில் இந்த மெஷினில் உட்காரப் போகும் டெய்லரையே கூட்டிக்கொண்டு போய், அன்றைய கூலியைக் கொடுத்து, அவரைத் தைக்கச் சொல்லுங்கள். பெடல் கடினமா, ஃபுட் தூக்கும் உயரம் போதுமா என்பதெல்லாம் அவர் காலுக்குத்தான் தெரியும். கத்தி ஜோடி, பாபின் கேஸ், பெடல் சென்சார், பேனல் போர்டு ஆகியவற்றின் விலையை பில்லோடு தனித் தாளில் எழுதி வாங்குங்கள். போர்டு ஊரிலேயே ஸ்டாக் இருக்கிறதா, பழுதானால் மாற்று போர்டு எத்தனை நாளில் வரும், அதுவரை வேறு மெஷின் தருவார்களா என்பதும் அந்தத் தாளிலேயே வர வேண்டும்.